தோர்ணக்கல் பேராயர் அசரியா (1874–1945)

இரட்சிப்பு ஓர் இனத்தாருக்கோ ஒரு மொழியாருக்கோ உரிய தனிச் சொத்து அன்று என்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் அடிப்படை உபதேசங்களுள் ஒன்று. யூதர், கிரேக்கர் என்ற வேற்றுமை தேவனுடைய மீட்பின் வல்லமைக்கு எல்லை வகுப்பதில்லை என்பதை ரோமாபுரி சபைக்கு எழுதிய நிருபத்தின் தொடக்கத்திலேயே அப்போஸ்தலனாகிய பவுல் எடுத்துரைத்தார். இந்த உபதேசத்தைக் கேளாத சபை இல்லை. இதை உண்மையென்று அறிக்கையிடுகிற சபை அதற்கேற்ப என்ன செய்யவேண்டும் என்ற கேள்வியைத் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் முன் வைத்து, அதற்குத் தம் வாழ்நாளையே விடையாகக் கொடுத்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயரான முதல் இந்தியர் என்று வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது. தமிழராய்ப் பிறந்து, தெலுங்கு மக்கள் நடுவே 35 ஆண்டுகள் உழைத்து, அவர்களுடைய மண்ணிலேயே அடக்கம்பண்ணப்பட்ட மிஷனெரியும் அவரே.

பிறப்பும் இளமையும்

திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டுப் பகுதியை அடுத்த வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் 1874-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் நாள் அசரியா பிறந்தார். அவருடைய தந்தை பிறப்பால் வேலாயுதம் என்ற பெயர் கொண்டவர். 1839-இல் கிறிஸ்துவை ஏற்றுத் தாமஸ் வேதநாயகம் ஆனவர். பின்னர் குருவானவராகி அவ்வூர்ச் சபையை மேய்த்தவர். தாயார் எல்லன் அம்மையார். ஒரு பெண் குழந்தைக்குப் பிறகு பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்து ஜெபித்துப் பெற்ற மகன் ஆனதால், வேதாகமத்து அன்னாளைப் போலப் பெற்றோர் அவருக்குச் சாமுவேல் என்று பெயரிட்டுத் தேவனுக்கென்று ஒப்புக்கொடுத்தனர்.

தந்தையார் 1889-இல் காலமானார். அப்போது சாமுவேலுக்கு வயது பதினைந்து. ஜெபத்திலும் ஒழுங்கிலும் கண்டிப்பு மிகுந்த தாயின் வளர்ப்பு அவரை உருவாக்கியது. மெஞ்ஞானபுரத்து விடுதிப் பள்ளியிலும் பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். கணிதம் அவர் எடுத்த பாடம். இறுதித் தேர்வு நேரத்தில் நோயுற்றதால் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறினார். மீண்டும் தேர்வெழுத அவர் திரும்பவில்லை. 1895-இல் ஒய்.எம்.சி.ஏ. என்னும் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளராகப் பணியேற்று, தென்னிந்தியா முழுவதும் பயணம் செய்து மாணவர்களிடையே ஊழியம் செய்தார். அமெரிக்காவிலிருந்து 1896-இல் வந்த ஷெர்வுட் எட்டியும், பின்னாளில் தேசத் தலைவர்களுள் ஒருவராக விளங்கிய கே.டி. பாலும் அந்த நாட்களில் அவருக்கு நெருங்கிய நண்பர்களாயினர்.

1898-இல் அன்பு மரியம்மாளை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களுள் கல்லூரிக் கல்வி பெற்ற முதல் சிலரில் அவரும் ஒருவர். வரதட்சணை இன்றி அத்திருமணம் நடந்தது. மணமகன் பட்டம் பெற்றிருந்தால் எவ்வளவு கேட்கலாம் என்று கணக்குப் பார்த்த அக்காலச் சமுதாயத்தில் அது சிறிய காரியம் அன்று. பின்னாளில் தோர்ணக்கலில் நடந்த ஊழியத்தின் ஒரு பாதியை அன்பு அம்மையாரே சுமந்தார்.

யாழ்ப்பாணத்தில் எழுந்த கேள்வி

ஒய்.எம்.சி.ஏ. பணியின் நிமித்தம் 1902-இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த கிறிஸ்தவ மாணவர்கள் தங்களுக்குள் காணிக்கை சேர்த்துக் கடலுக்கு இப்பால் தமிழகத்தில் ஒரு மிஷனெரிப் பணியைத் தாங்கி வந்ததை அவர் கண்டார். அந்தக் காட்சி அவர் உள்ளத்தை ஊடுருவியது.

பாளையங்கோட்டையில் 1780-இல் நாற்பது பேர் கொண்ட சிறு சபையாகத் தொடங்கிய திருநெல்வேலித் திருச்சபை, அதற்குள் நூற்றிருபது ஆண்டுகளைக் கடந்திருந்தது. ஊர்தோறும் ஆலயங்கள் இருந்தன, பள்ளிகள் இருந்தன, குருமார் இருந்தனர். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் வாழ்ந்த எளிய மக்கள் கொடுத்த காணிக்கையால் இவை யாவும் உண்டாயின. இத்தனை நன்மைகளையும் பெற்ற சபை, தன் எல்லைக்கு வெளியே வேற்றுமொழி பேசும் ஒரு மக்களுக்காவது சுவிசேஷத்தைக் கொண்டு சென்றதா? எல்லா ஜனங்களுக்கும் உரிய இரட்சிப்பைப் பெற்றுக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளும் சபை, அது எல்லோருக்கும் உரியது என்பதைத் தன் நடத்தையால் மறுக்கிறதல்லவா? யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பிய அசரியாவை இந்தக் கேள்விகள் விடவில்லை. வெள்ளைக்கார மிஷனெரிகளைக் குறைகூறுவதற்கு முன் இந்தியக் கிறிஸ்தவர்கள் தங்கள் கடமையைச் செய்யவேண்டும் என்று அவர் துணிந்தார்.

1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. இந்தியரே பணம் கொடுத்து, இந்தியரே ஊழியராகச் சென்று, இந்தியரே நிர்வகிக்க வேண்டும் என்பது அதன் கோட்பாடு. குடும்பங்களில் பெண்கள் சமைக்குமுன் பிடியரிசி எடுத்து வைத்தனர். பனையேறிகளும் வயல் கூலிகளும் கொடுத்த காணிக்கை சேர்ந்து சங்கத்தின் மூலதனம் ஆயிற்று.

இரண்டாண்டுகளுக்குப் பின், வங்காளப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவிய வேளையில், 1905 டிசம்பர் 25-ஆம் நாள் செராம்பூரில் வில்லியம் கேரியின் பெயரோடு இணைந்த நூலகத்தில் பல மாகாணங்களின் கிறிஸ்தவர்கள் கூடினர். தேசிய மிஷனெரி சங்கம் அன்று உருவாயிற்று. அசரியா அதன் முதல் பொதுச் செயலாளரானார். எந்தத் திருச்சபைப் பிரிவையும் சாராமல் இந்தியா முழுவதற்கும் இந்தியக் கிறிஸ்தவர்கள் பொறுப்பேற்க முன்வந்த முதல் பெரு முயற்சிகளில் அது ஒன்று.

நிஜாம் நாட்டிற்கு

திருநெல்வேலியின் இந்திய மிஷனெரி சங்கம் தெரிந்துகொண்ட வயல் நிஜாம் அரசின் தென்கிழக்கு மூலையில் இருந்தது. குகட்பள்ளி போன்ற பகுதிகளையெல்லாம் உள்ளடக்கி இன்று விரிந்து கிடக்கும் ஐதராபாத் அன்று நிஜாமின் தலைநகரம். அங்கிருந்து பெஜவாடாவை நோக்கிச் செல்லும் ரயில் பாதையில், இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், நிலக்கரிச் சுரங்கத்திற்குக் கிளைப்பாதை பிரியும் சந்திப்பு நிலையமே தோர்ணக்கல். இன்று அது தெலங்கானாவின் மகபூபாபாத் மாவட்டத்தில் உள்ளது. சங்கத்தின் முதல் மிஷனெரி 1904-இல் அப்பகுதிக்குச் சென்றார். தேரிக்காட்டிலிருந்து வந்தவருக்கு அங்கே மொழி புதிது, உணவு புதிது, ஆட்சிமொழியான உருது புதிது. திருநெல்வேலியாருக்கு அது அந்நிய தேச ஊழியமாகவே இருந்தது.

பிறரை அனுப்பிவிட்டுச் செயலாளர் நாற்காலியில் அமர்ந்திருக்க அசரியாவின் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. 1907-இல் டோக்கியோவில் நடந்த உலக மாணவர் கிறிஸ்தவ மாநாட்டில் பங்கேற்கும் அளவுக்குப் பெயர் பெற்றிருந்தவர், 1909-இல் அப்பதவிகளைத் துறந்து, குருப்பட்டம் பெற்று, மனைவி மக்களோடு தோர்ணக்கல் வந்து சேர்ந்தார். முப்பத்தைந்தாம் வயதில் தெலுங்கு எழுத்துக்களிலிருந்து படிப்பைத் தொடங்கினார். மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் கிராமங்களைச் சந்தித்தார்.

எடின்பரோவில்

1910-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு பிரதிநிதிகளில் ஆசியர் இருபது பேருக்கும் குறைவு. அவர்களில் ஒருவராகச் சென்ற அசரியாவுக்கு அந்நிய மிஷனெரிகளுக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையிலுள்ள உறவைப்பற்றிப் பேசும் பொறுப்பு தரப்பட்டது.

அவர் மிஷனெரிகளின் தியாகத்தை மனமார நன்றியோடு ஒப்புக்கொண்டார். அவர்கள் உடைமைகளையும் உடலையும்கூட ஏழைகளுக்காகக் கொடுத்திருப்பதை வரும் தலைமுறைகள் மறவா என்றார். ஆயினும், சம்பளம் தருபவராகவும் மேற்பார்வையாளராகவும் வரும் மிஷனெரி, தம்முடன் உழைக்கும் இந்தியரோடு நட்பு பாராட்டுவதில்லை என்பதை மறைக்காமல் எடுத்துச் சொன்னார். பல ஆண்டுகள் சேர்ந்து ஊழியம் செய்தும் ஒருவர் வீட்டில் மற்றவர் உணவருந்தாத நிலையைச் சுட்டிக்காட்டினார். தங்களுக்குத் தேவையானது நட்பே என்ற வேண்டுகோளோடு உரையை முடித்தார். கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தனர், சிலர் நெஞ்சுருகினர். விண்ணுலகில் எல்லா ஜாதியாரும் ஒரே பந்தியில் அமர்வார்கள் என்று பிரசங்கிப்பவர்கள், பூமியில் ஒரு மேசையில் அமரத் தயங்குவது அவர்கள் அறிவிக்கும் செய்தியையே பொய்யாக்குகிறது என்பதுதான் அந்த உரையின் உட்கருத்து. நூறாண்டுகள் கடந்தும் மிஷனெரி வரலாற்றை எழுதுவோர் அதை விடாமல் குறிப்பிடுகின்றனர்.

பேராயர் பொறுப்பு

சென்னைப் பேராயராயிருந்த ஹென்றி ஒயிட்ஹெட், இந்தியர் ஒருவர் பேராயராக வேண்டும் என்று விரும்பி அசரியாவின் பெயரை முன்மொழிந்தார். எதிர்ப்பு பல திசைகளிலிருந்தும் எழுந்தது. ஆங்கில மிஷனெரிகள் இந்தியர் ஒருவரின் அதிகாரத்திற்குக் கீழ்ப்படிவார்களா என்று சிலர் ஐயுற்றனர். இந்தியக் கிறிஸ்தவர்களிலும் சாதி நோக்கத்தோடு மறுத்தவர்கள் இருந்தனர். இவற்றைக் கடந்து, 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராக அபிஷேகம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 38.

தொடக்கத்தில் தோர்ணக்கல் திருமண்டலம் மிகச் சிறியது. அவர்கீழ் இருந்த இந்தியக் குருமாரை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிருஷ்ணா, கோதாவரி, கர்நூல் பகுதிகளின் ஆங்கிலிக்கன் சபைகள் அதனுடன் சேர்க்கப்பட்டபோது, ஆங்கில மிஷனெரிகள் பலர் உண்மையாகவே ஒரு தமிழரின் தலைமைக்குள் வந்தனர். முன்பு எழுந்த அச்சங்கள் காலப்போக்கில் அடங்கின. 1920-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. கல்லூரித் தேர்வை எழுதாதவர் பெற்ற முதல் பட்டம் அதுவே.

தோர்ணக்கலின் அறுவடை

தோர்ணக்கலில் சுவிசேஷத்தை முதலில் ஏற்றவர்கள் மாலா, மாதிகா என்னும் இரு சமுதாயத்தார். ஊருக்குப் புறம்பே குடியிருக்கும்படி ஒதுக்கப்பட்டு, தலைமுறைகளாகத் தீண்டாமைக் கொடுமையை அனுபவித்தவர்கள் அவர்கள். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் தோர்ணக்கலின் நான்கு பேய்கள் என்று பெயரிட்டு அசரியா அவற்றோடு போராடினார். ஆத்துமாவை மட்டும் மீட்டுவிட்டு, வட்டிக்காரனிடமும் சாராயக் கடையிடமும் மனிதனை விட்டுவிடும் மீட்பை வேதாகமத்தில் அவர் காணவில்லை. பள்ளிகளும் கைத்தொழில் பயிற்சியும் சபை வாழ்வோடு இணைந்தே வளர்ந்தன. கிராம உபதேசிமாருக்குப் பயிற்சி அளிக்கும்போது அவர்கள் மனைவியரும் உடன் கற்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தார்.

ஒதுக்கப்பட்டவர்களுக்குள்ளும் உயர்வு தாழ்வு இருந்தது. மாலாக்களும் மாதிகாக்களும் ஒரே கிணற்றில் நீர் எடுப்பதில்லை; ஒன்றாக உண்பதில்லை. இரு சாராரும் ஒரே ஆலயத்தில் அமர்ந்து ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெறவேண்டும் என்பதில் அசரியா விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் சபைகளில் பூசல்கள் எழுந்தன. அவர் காலத்திலேயே அந்தப் பகை முற்றிலும் மறைந்துவிட்டது என்று சொல்ல இயலாது. ஆயினும் எளிதாக எண்ணிக்கையைப் பெருக்கும்பொருட்டுத் தனித்தனிச் சபைகளை அமைக்க அவர் உடன்படவில்லை.

ஞானஸ்நானம் பெறுவோர் தங்கள் கையைத் தலைமேல் வைத்து, பெற்ற நற்செய்தியைப் பிறருக்கு அறிவிக்காமலிருந்தால் தங்களுக்கு ஐயோ என்ற பொருளில் உறுதி கூறச் செய்வது அவருடைய வழக்கம். எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளியும் அன்றே மிஷனெரியானார். ஆண்டுதோறும் சாட்சி வாரம் நடந்தது; சபையார் அனைவரும் அயல் கிராமங்களுக்குச் சென்று தங்கள் அனுபவத்தைக் கூறினர். தெலுங்குக் கீர்த்தனைகளும் பஜனைகளும் அதற்குத் துணை நின்றன. ஒதுக்கப்பட்ட மக்களின் வாழ்க்கை மாறியதைக் கண்ணால் கண்ட பிற சாதி விவசாயக் குடும்பங்களும் ஆயிரக்கணக்கில் சபைக்கு வந்தன. எந்த மக்களைத் தொட்டால் தீட்டு என்றார்களோ அவர்களிடமிருந்தே அக்குடும்பங்கள் நற்செய்தியைப் பெற்றன. 1930-களின் நடுவில் 250-க்கு மேற்பட்ட ஊழியர்கள் குருப்பட்டம் பெற்றிருந்தனர். கிராம உபதேசிமார் 2,000 பேர் இருந்தனர். திருமண்டலத்தின் கிறிஸ்தவர்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டினர்.

1939 ஜனவரி 6-ஆம் நாள், புறஜாதியாருக்குக் கிறிஸ்து வெளிப்பட்டதை நினைவுகூரும் பண்டிகையன்று, தோர்ணக்கல் பேராலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆயின. இஸ்லாமியக் கட்டடக் கலையின் குவிமாடங்களும் வளைவுகளும், தென்னிந்தியக் கோயில் மண்டபத்தின் தூண்களும், தாமரைமேல் எழும் சிலுவையும் அங்கே ஒன்று சேர்ந்துள்ளன. ஒவ்வொரு மக்களும் தங்கள் மகிமையைத் தேவனுடைய நகரத்திற்குள் கொண்டுவருவார்கள் என்ற நம்பிக்கையை அவர் கல்லில் வடித்து வைத்தார்.

தேசத்தின் நடுவே

1930-களில் அவருடைய ஊழியம் தேசிய விவாதத்தின் நடுவில் வந்து நின்றது. ஒடுக்கப்பட்ட மக்கள் மதம் மாறுவதைக் காந்தியடிகள் ஏற்கவில்லை. அறியாமையிலும் வறுமையிலும் உள்ளவர்களைச் சமயங்கள் போட்டியிட்டு இழுப்பதாக அவர் கருதினார். பொருளாசை காட்டி ஆள் சேர்ப்பதை அசரியாவும் கண்டித்தார். ஆனால் தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஆவிக்குரிய தாகமோ, தாங்களே தெரிந்துகொள்ளும் அறிவோ இல்லை என்ற கருத்தை அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கிராமங்களில் தாம் கண்ட மாறிய வாழ்க்கைகளையே அதற்குச் சான்றாக முன்வைத்தார்.

அதே வேளையில், கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதிகள் வழங்கும் ஏற்பாட்டை அவர் எதிர்த்தார். அரசியல் சலுகைக்காகத் திருச்சபை தன்னைத் தனிச் சாதியாக அடைத்துக்கொண்டால், எல்லா மக்களுக்கும் உரிய செய்தியை எப்படிக் கூறும் என்பதே அவருடைய கவலை. சொந்தச் சமுதாயத்தார் சிலருக்கு இது வருத்தம் தந்தது. இருபுறமும் விமர்சிக்கப்பட்ட நிலையிலும் அவர் தம் நிலையிலிருந்து மாறவில்லை.

திருச்சபைகள் பிரிந்து கிடப்பது அவருக்கு ஆறாத புண்ணாக இருந்தது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் இந்தியக் குருமார் கூடி ஐக்கியத்திற்கு அழைப்பு விடுத்ததில் அவர் முன்னணியில் நின்றார். 1927-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் மாநாட்டிலும் அதையே வற்புறுத்தினார். பிற நாடுகளில் பிறந்த பிரிவினைகளை இந்தியக் கிராமத்தானின் தோளில் சுமத்துவது பாவம் என்பது அவர் எண்ணம். இந்துவாக இறக்கமாட்டேன் என்று 1935-இல் அறிவித்த டாக்டர் அம்பேத்கர், தம் மக்கள் கிறிஸ்தவர்களானால் பிரியாமல் ஒரே சபையாக இருக்க இயலுமா என்று அசரியாவிடம் வினவியதும், விடை கூற முடியாமல் அவர் வெட்கமடைந்ததும் திருச்சபை வரலாற்றில் நினைவுகூரப்படுகின்றன.

இளைப்பாறுதல்

1929 முதல் இந்தியத் தேசியக் கிறிஸ்தவ சங்கத்தின் தலைவராகவும் அவர் பணியாற்றினார். 1938-இல் தாம்பரத்தில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டிலும் பங்கு பெற்றார். எத்தனை பொறுப்புகள் சேர்ந்தாலும் கிராமச் சந்திப்புகளைக் கைவிடவில்லை. 1945-ஆம் ஆண்டின் முதல் நாளன்று தோர்ணக்கலில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் கட்டிய பேராலய வளாகத்திலேயே அடக்கம்பண்ணப்பட்டார். அவர் ஏங்கிய ஐக்கியம் ஏறக்குறைய இரண்டே முக்கால் ஆண்டுகளுக்குப் பின், 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபையாக மலர்ந்தது. அவர் வெளியே நின்று கண்ட கானான் அது.

வெளியிலிருந்து வரும் உதவியைப் பெற்றே பழகிய ஒரு சபையைக் கொடுக்கும் சபையாக மாற்றியது அசரியாவின் முதல் பணி. பெறுவதற்கே தகுதியற்றவர்கள் என்று தள்ளப்பட்ட மக்களைக் கொடுப்பவர்களாக எழுப்பியது அவருடைய இரண்டாம் பணி. தேவனுடைய இரட்சிப்பு எல்லா ஜனங்களுக்கும் உரியது என்ற ஒரே விசுவாசமே இரண்டிற்கும் வேர். பிடியரிசி எடுத்து வைத்த திருநெல்வேலித் தாய்மாரும், தலைமேல் கை வைத்து உறுதி கூறிய தோர்ணக்கல் கூலியாட்களும் அந்த விசுவாசத்தில் சமமான பங்காளிகள். இன்னும் நற்செய்தி எட்டாத மொழியாரும் இனத்தாரும் நம் தேசத்தில் இருக்கும்வரை, யாழ்ப்பாணத்தில் அவர் உள்ளத்தில் எழுந்த கேள்வி ஒவ்வொரு சபையின் வாசலிலும் காத்திருக்கிறது.